எட்டுக் கசற்றும் ஒரு கண்ணும்

ரொறொன்ரோ விமான நிலையத்தின் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த பருத்தித்துறை வடைப் பொதியை ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் கிடந்த எட்டு வீடியோக் கசற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். இவை என்ன என்று கேட்டார். படங்கள் என்றேன். விற்கவா என்றார். இல்லை, ஒரு வழக்கில் சாட்சியாகக் காட்ட என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சுங்கத்தில் பகிடி விடாதே என்று லண்டனில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்ததால், நண்பனுக்கு அன்பளிப்பு என்று சொன்னேன். அவர் ஒரு கசற்றின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். குடையோடு ஒரு பெண், பின்னால் மழை. "பிரிட்டிஷ் படமா? இந்த மாதிரிப் படம் பார்த்து நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்" என்று சொல்லிப் பெட்டியை மூடித் தந்தார். நாட்டுக்குள் கால் வைக்கும் முன்பே எனக்கு எதிராக ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டது.

வழக்கு பத்து வருடப் பழையது. நந்தனும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நாட்டை விட்டு ஓடியபோது எனக்கு லண்டன் கிடைத்தது, அவனுக்கு ரொறொன்ரோ கிடைத்தது. நான் ஒரு நூலகத்தில் வீடியோக்களை இரவல் கொடுக்கும் மேசையில் இருக்கிறேன். அவன் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும், பிரிட்டிஷ் படங்கள் அமெரிக்கப் படங்களுக்கு ஈடாகுமா என்பதில்தான் வந்து நிற்கும்.

"உங்கடை படத்திலை ஒருத்தன் ரீ குடிக்கத் தொடங்கினால் இடைவேளை வந்திடும்" என்பான்.

"உங்கடை படத்திலை ரீ வர முதல் கடையே எரிஞ்சிடும்" என்பேன்.

அந்தக் காலத்தில் பிரிட்டன் எனக்குக் குடியுரிமைகூடத் தரவில்லை. இருந்தும் அதன் படங்களுக்கு நான் சம்பளமில்லாத வக்கீல். அவனுடைய நிலை இன்னும் மோசம். அவன் இருப்பது கனடாவில், வாதாடுவது அமெரிக்காவுக்காக. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நீ ஏன் பந்தல் போடுகிறாய் என்று கேட்டால், பந்தல் பெரிசாயிருக்கு மச்சான் என்று சிரிப்பான்.

இந்த முறை நான் வந்தது படத்துக்காக அல்ல. நந்தனுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி. அது அவனுடைய வலது கண்ணை இரண்டு வருடத்துக்கு முன்பே கொண்டுபோய்விட்டது. இப்போது இடது கண்ணிலும் இரத்தம் கசிந்து விழித்திரை கழலத் தொடங்கியிருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்து விடுவார்களாம். அது மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். அதற்காக ஒரு கிழமை, ஏழு நாளும், முகத்தைத் தரையை நோக்கியே வைத்திருக்க வேண்டும். சாப்பாடு, நித்திரை எல்லாம் குப்புறத்தான். மனைவி சுகந்திக்கு வேலைத்தலத்தில் லீவு முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்து காவல் காக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் வருகிறேன் என்றேன்.

"வரேக்கை உன்ரை படங்களையும் கொண்டு வா" என்றான் நந்தன். "கண் இருக்கேக்கையே பாத்து ஒரு முடிவு எடுத்திடுவம்."

பகிடியாகத்தான் சொன்னான். எட்டுக் கசற்றையும் பொறுக்கி எடுத்தபோது எனக்குப் பகிடியாக இருக்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து சுகந்தி கார் ஓட்டினாள். நந்தன் முன் இருக்கையில் இருந்து வழி சொல்லிக்கொண்டு வந்தான். லண்டனில் ஒரு தெருவுக்குள் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். இங்கே போகிற பக்கம் மட்டும் எத்தனை நிரை என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். "இப்ப வலதுக்கு மாறு. முன்னுக்கு லொறி நிக்கும், பாத்து" என்றான் நந்தன். அங்கே லொறி இல்லை. சுகந்தி சத்தம் போடாமல் வலதுக்கு மாறினாள். அவன் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொல்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொலைபேசியில் அவன் சொன்னதைவிட நிலைமை மோசம்.

மல்வேர்னில் அவர்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று. குளித்து, இடியப்பமும் மீன்குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டு, முதல் வேலையாக ஒரு கசற்றை மெஷினுக்குள் தள்ளினேன். நந்தன் ரிவிக்கு ஒரு முழம் தள்ளிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். திரையில் கோடுகள் ஓடின. கறுப்பும் சாம்பலுமாக மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தன. ஒலி இருமியது.

"மழைச் சீனோ மச்சான்?" என்று நந்தன் கேட்டான்.

அவன் பகிடி விடவில்லை. அவனுடைய மகள் தர்சினி, பதினைந்து வயது, கசற்றை வெளியே எடுத்துப் பார்த்தாள். "அங்கிள், திஸ் இஸ் ஃப்ரொம் லண்டன், ரைற்? இஞ்சத்தை மெஷினிலை இது ஓடாது. யூ ஹாவ் டு கன்வேர்ட் இற்."

இது தெரியாத தமிழன் உலகத்தில் கிடையாது. லண்டனில் கல்யாணம் நடந்தால் கனடாவுக்கு ஒரு கொப்பி, கனடாவில் நடந்தால் லண்டனுக்கு ஒரு கொப்பி. இரண்டு பக்கத்து மெஷினும் வேறு வேறு முறை என்பதால் கடையில் கொடுத்து மாற்றித்தான் அனுப்புவோம். என் தங்கையின் கல்யாணக் கசற்றை நானே மாற்றுவித்து இதே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நாள் முழுக்கக் கசற்றுகளோடு வேலை செய்பவன் வேறு. ஆனால் மாற்றுகிற வேலை கல்யாணக் கசற்றுக்கு மட்டும்தான் என்று என் மண்டை எங்கோ பதிந்து வைத்திருந்தது. படத்துக்கும் அதே விதி என்று தோன்றவே இல்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது இதுதான்.

அடுத்த நாள் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் மாற்றித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, எட்டுக் கசற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எதிர்ப்பக்கத்துத் தரிப்பில் நின்று ஏறியிருக்க வேண்டும். வீதியில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகிற நாடு இது என்பது பஸ் காணிகளும் கம்பிவேலியுமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். "எங்கே போக வேண்டும்?" என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் நீங்கள் மிக நன்றாக வந்திருக்கிறீர்கள், நேர் எதிர்த்திசையில்" என்றார். அவரே திரும்பவும் கொண்டுபோய் விட்டார். லண்டன் ஓட்டுநராயிருந்தால் ஒன்றும் பேசாமல் இறக்கியிருப்பார்.

கடையின் முன்பக்கம் மட்டன் ரோல்ஸ், பின்பக்கம் வீடியோ. முதலாளி ரோல்ஸ் பொரித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓடர் கொப்பியைப் புரட்டினார். "ரெண்டு கிழமை செல்லும் அண்ணை. முன்னுக்கு மூண்டு கலியாணம், ரெண்டு சாமத்தியவீடு, ஒரு செத்தவீடு நிக்குது."

"எனக்குக் கொஞ்சம் அவசரம்."

"உது படம்தானே அண்ணை. படத்துக்கு என்ன அவசரம்? படத்திலை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையே."

நியாயமான கேள்வி. நந்தனின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமை பற்றியும் சொன்னேன். முதலாளி கொப்பியை மூடினார். "ஒண்டே ஒண்டு தாங்கோ. செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும் நடுவிலை போட்டுத் தாறன். அதுகும் சனிக்கிழமைதான்."

சனிக்கிழமை என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு. அவன் பார்க்கப் போவதில்லை. இருந்தும் கொடுக்காமல் வர மனம் வரவில்லை. எட்டில் ஒன்று. ஒரு நாட்டின் மானத்தை ஒரே கசற்றில் ஏற்ற வேண்டும். ரோல்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு ரோல்ஸைச் சாப்பிட்டபடி யோசித்தேன். கடைசியில் குடைப் பெண்ணைக் கொடுத்தேன். கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் ஒரு விதவை. அங்கே தங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு வருடம் முழுக்க இருவரும் ஒன்றைச் சொல்ல வருவார்கள், சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் படம். நான் அதை ஆறு தடவை பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நந்தனை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண் டொக்டரைக் கண்டோம். வெளியே வந்தபோது நல்ல வெயில். அவன் களைத்துவிட்டான். மூலையில் ஒரு மஞ்சள் டாக்சி நின்றது. கதவைத் திறந்து அவனை உள்ளே ஏற்றி, நானும் ஏறிக் கதவைச் சாத்தினேன். ஓட்டுநரைக் காணவில்லை. காதில் ஏதோ மாட்டிய ஒரு பெண் ஓடி வந்து யன்னலைத் தட்டினாள்.

"ஐயா, இந்த டாக்சி எங்கும் போகாது. இது நியூயோர்க்" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். தெருவின் அந்தப் பக்கம் கமெரா. இந்தப் பக்கம் நியூயோர்க் பொலிஸ் கார் இரண்டு. தபால் பெட்டிகூட அமெரிக்க நீலம். குப்பை போதாது என்று ஒருவர் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கவனமாகத் தெருவில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். "பாத்தியோடா, உன்ரை அமெரிக்கா. ரொறொன்ரோவுக்குக் குப்பை போட்டு எடுக்கிறாங்கள்."

நந்தன் இறங்க மறுத்தான். இருக்கையைக் கையால் தடவினான். "அதுதான் மச்சான் கெட்டித்தனம். உங்கடை ஆக்கள் லண்டனை லண்டன் எண்டு காட்டவே கூச்சப்படுவினம். கொஞ்சம் பொறு, நான் அமெரிக்கப் படத்துக்குள்ளை இருக்கிறன்." அந்தப் பெண் அவனைப் பார்த்தாள், டொக்டர் அன்றைக்குக் கொடுத்துவிட்ட வெள்ளைக் கோலைப் பார்த்தாள். பிறகு ஒரு நிமிடம் இருக்கலாம் என்றாள். நாங்கள் ஐந்து நிமிடம் நியூயோர்க்கில் இருந்தோம்.

அன்று தியேட்டரில் அரைவிலை நாள். வீட்டுக்குக் கிட்ட ஒரு மோலில் அவன் கேட்ட படத்துக்குப் போனோம். பிரேக் பிடிக்காத லொறி, மலைப்பாதை, லொறிக்குள் சாரதியின் மகள், வழியில் ஒரு பழைய பாலம். முன்வரிசையில் இருந்தோம். நந்தன் தலையைச் சரித்து, கண்ணின் ஓரத்தால் எதையோ பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்துக்கு லொறி வந்தபோது நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"மெல்லப் பிடி. உடைச்சுப் போடாதை" என்றான். கதிரை ஆடியதில் அவனுக்கு அது தெரிந்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "பாலம் இடிஞ்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"இடிஞ்ச உடனை சொல்லு."

பாலம் இடிந்தது. சொன்னேன். சாரதி மகளைத் தூக்கி வெளியே எறிந்ததைச் சொன்னேன், அவள் ஒரு மரக்கிளையில் தொங்கியதைச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். வெளியே வந்ததும், உண்மையைச் சொல்லு, பிடிச்சுதோ என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தப் பெட்டை தொங்கியபோது எனக்கு மூச்சே நின்றது. ஒரு பிரிட்டிஷ் படமும் என்னை அப்படிக் கதிரையோடு சேர்த்துக் கட்டியதில்லை. இதை இப்போதுதான் முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. செய்யக்கூடியதைச் செய்தோம், மிச்சம் அவர் தலையை எப்படி வைத்திருக்கிறார் என்பதில் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அன்று தொடங்கியது என் உத்தியோகம். சுகந்தி கார் சீற் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவள். அங்கே வெட்டி எறிந்த பஞ்சுத் துண்டுகளைக் கொண்டுவந்து, நடுவில் முகம் வைக்க ஓட்டை விட்டு, அருமையான ஒரு தலையணை தைத்து வைத்திருந்தாள். அதைக் கட்டில் விளிம்பில் போட்டு அவன் குப்புறக் கிடந்தான். நிமிர்ந்தால் நான் "தலை" என்பேன்.

"வகுப்பிலை வாத்தியாருக்குக்கூட இவ்வளவு தலை குனியேல்லையடா" என்பான் தரையைப் பார்த்து.

பிட்டைச் சுகந்தி சின்ன உருண்டைகளாகப் பிடித்து வைத்துவிட்டுப் போவாள். அவன் கையைக் கீழே நீட்டித் தட்டிலிருந்து எடுப்பான். சொதியை உறிஞ்ச ஸ்ட்ரோ. ஸ்ட்ரோவில் சொதி குடித்த முதல் யாழ்ப்பாணத்தான் நான்தான் என்று பெருமை பேசினான். ஒரு பச்சைமிளகாய் விதை மூக்கில் ஏறி அவன் இருமியபோது நானும் சுகந்தியும் பதறிப்போய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டோம். வேலைக்கு அவள் அன்று பிந்தித்தான் புறப்பட்டாள். வாசலில் நின்று, "அண்ணை, நீங்கள் வந்தது எனக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமோ" என்றாள். நான் எட்டு ஓடாத கசற்றுகளோடு வந்தவன் என்றேன். அவள் சிரித்தாள். வந்து ஆறு நாளில் அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

சனிக்கிழமை கசற்று வந்தது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். போடவா வேண்டாமா என்று யோசித்தேன். "போடு, காது நல்லாத்தான் கிடக்கு" என்றான். ரிவியை அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து போட்டேன். பிரிட்டிஷ் படம்தானே, எல்லாம் பேச்சு, காதால் கேட்டாலே போதும் என்று நினைத்தேன். என் கணக்குப் பிழைத்தது. அந்தப் படத்தில் முக்கியமானதெல்லாம் அவர்கள் பேசாத இடத்தில்தான் நடக்கிறது. ஆறு தடவை பார்த்தும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"சத்தத்தைக் காணேல்லை. என்ன நடக்குது?" என்றான்.

"ஒண்டும் இல்லை. மனிசி யன்னலடியிலை நிக்கிறாள்."

"என்ன மாதிரி நிக்கிறாள்?"

"அவர் பெட்டி கட்டிக்கொண்டு வெளிக்கிடப் போறார். வேண்டாம் எண்டு சொல்ல அவளுக்கு ஆசை. சொல்லேல்லை. யன்னல் சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்."

"அவர்?"

"கதவடியிலை. தொப்பியைக் கையிலை வைச்சிருக்கிறார்."

படத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அது நீளமான இடம். தரையைப் பார்த்தபடியே நந்தன் சொன்னான்:

"சிவா, இது சரிவராட்டி நான் என்னடா செய்யிறது?"

பத்து வருடம் தொலைபேசியில் பேசியிருக்கிறோம். வலது கண் போனது எனக்கு மூன்று மாதம் கழித்துச் சுகந்தி சொல்லித்தான் தெரியும். அதற்கு நடுவில் நாங்கள் பேசியதெல்லாம் படம், படம். என் அகதி வழக்கு தோற்று விசா போய்விடும் என்று நான் நித்திரையில்லாமல் கிடந்த மாதங்களிலும் அவனோடு படம்தான் பேசினேன். பேச வேண்டியதைப் பேசாமல் இருக்கத்தான் நாங்கள் இந்த வழக்கையே நடத்தி வந்தோமோ என்று அன்றைக்குத் தோன்றியது. அவன் முகம் தலையணைக்குள் இருந்தது. என் முகத்தை அவன் பார்க்க முடியாது. அந்தத் துணிவில் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு நந்தன். வந்த முதல் நாளே பயந்து போனன்."

அவன் கையைக் கீழே நீட்டித் துழாவினான். நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஃபோர்க் லிஃப்ட் பிடித்துக் காய்த்த கை. அப்படியே இருந்தோம்.

"இப்ப என்ன செய்யிறாள்?" என்று கேட்டான்.

"இன்னும் யன்னலடியிலைதான்."

"நல்லது. நிக்கட்டும்." கொஞ்சம் கழித்துச் சொன்னான்: "இதை அமெரிக்கன் எடுத்திருந்தால், இந்த இடத்திலை எனக்குக் கதைக்க நேரம் தந்திருக்க மாட்டான்."

எனக்குச் சாதகமான தீர்ப்பு. மகிழ்ச்சியாக இருக்கும் என்று பத்து வருடமாக நினைத்திருந்தேன். மறுநாள் அவன் லொறிப் படத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்லு என்றான். சொன்னேன். பாலத்துக்கு வந்தபோது என் குரலே நடுங்கியது. அமெரிக்கப் படத்தைச் சொல்லக் கேட்பது ஒரு சுகம். பிரிட்டிஷ் படத்தைச் சொல்லக் கேட்டால் உள்ளே கிடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எது உயர்ந்தது என்று என்னை இனி யாரும் கேட்காதீர்கள்.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன் டொக்டரிடம் போனோம். சுகந்தி அரைநாள் லீவு கெஞ்சி வாங்கியிருந்தாள். தர்சினியும் வந்தாள். டொக்டர் அவன் தலையை நிமிர்த்தி, விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். விழித்திரை ஒட்டிப் பிடித்திருக்கிறது என்றார். வாகனம் ஓட்டுவதை மறந்துவிடுங்கள், வாசிக்க முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கண் போகவில்லை என்றார். சுகந்தி அவர் சொன்னதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"என்ன தெரிகிறது?" என்று டொக்டர் கேட்டார்.

"மேலை தெரியுது" என்று நந்தன் தமிழிலேயே சொன்னான். "கீழை தண்ணி மாதிரி ஆடுது." நான் மொழிபெயர்த்தேன். அது வாயு, நாளுக்கு நாள் வற்றும், தெளிவு மேலிருந்து இறங்கி வரும் என்றார்.

நந்தன் மெதுவாக எங்களைப் பார்த்தான். முதலில் சுகந்தியை. பிறகு என்னை. பிறகு மகளிடம் வந்து கண் நின்றது.

"உன்ரை தலைமயிர் எங்கை?"

காதளவு வெட்டிய தலையை அந்தப் பிள்ளை கையால் தொட்டாள்.

"வெட்டீட்டன் அப்பா. இன் மார்ச்."

அப்போது ஓகஸ்ட். அவள் அடி விழும் என்று பயந்து வெட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்திருக்கிறாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை என்பது தாய்க்கும் மகளுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. சொன்னால், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னதாகிவிடும். ஐந்து மாதம் அந்த வீட்டில் எல்லோரும் அதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இதையெல்லாம் சுகந்தி எனக்குப் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் அவள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"கோபமோ அப்பா?" என்று தர்சினி கேட்டாள்.

நந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான். இனி யார் மொழிபெயர்க்கவும் தேவையில்லை என்று நான் கதவோரம் ஒதுங்கினேன்.

"திரும்பு பாப்பம்" என்றான்.

அவள் திரும்பி நின்றாள். அவன் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தெளிவாக இருந்த அந்த மேல்பாதிக்குள் அவளைக் கொண்டுவந்தான்.

"வடிவாத்தான் இருக்கு" என்றான். "இன்னொருக்காத் திரும்பு."

வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். தர்சினி இன்னொரு தடவை திரும்பினாள்.